முதல் அல்பம்: வெளியீட்டு விழாவுக்கு முன்னர் கேட்கவேண்டிய கருத்து

ஓர் இசைக்குழு சொந்தச் செலவில், வெளியார் எவரையும் அமர்த்தாமல் உருவாக்கும் முதல் அல்பத்தில் பாட்டெழுதுபவர், மெட்டமைப்பவர், பாடுபவர், பதிவுசெய்பவர், ஒலிகளைக் கலந்து சமன்செய்பவர் எல்லாரும் அதே நாலைந்து பேர்தாம். இசைத்தட்டுக் கம்பனிகளின் காலத்தில் இந்த வேலைகள் வெவ்வேறு ஆட்களிடம் இருந்தன. தயாரிப்பாளர் மெட்டையும் வேகத்தையும் பார்த்தார். ஒலிப்பதிவாளர் குரலையும் கருவிகளையும் பார்த்தார். கம்பனி அதிகாரி இது விற்குமா என்று பார்த்தார். இன்று ஒரு மடிகணினி, ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன் இருந்தால் இலங்கையின் கிழக்குக் கரையோர மருதமுனையில் ஒரு வீட்டு அறைக்குள்ளேயே அல்பம் முடிந்துவிடும். அந்த மூவரின் வேலையும் குழுவின் கைக்கு வந்துவிட்டது. அவர்களுடைய காது மட்டும் வரவில்லை. பாட்டோடு முன்பின் பழக்கமில்லாத, அதை முதன்முறையாகக் கேட்கும் காது அது. வெளியாரிடம் கருத்துக் கேட்பது அந்தக் காதைத் திரும்பப் பெறும் வழி.

குழுவின் சொந்தக் காது ஏன் போதாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு பாட்டைப் பதிந்து, திருத்தி, கலந்து முடிப்பதற்குள் அதை உருவாக்கியவர்கள் நூற்றுக்கணக்கான தடவை கேட்டுவிடுகிறார்கள். வரிகள் மனப்பாடமாக இருப்பதால், கீபோட் ஒலிக்குள் குரல் மூழ்கிப்போனாலும் அவர்களுடைய மனம் சொல்லை நிரப்பிக்கொள்ளும். கிற்றார் வாசித்தவருக்குக் கிற்றார்தான் முதலில் கேட்கும். ஓர் இடையிசையைப் பதிய மூன்று இரவு விழித்திருந்தால், அது பாட்டுக்குத் தேவையா என்ற கேள்வியே எழாது. நீண்ட நேரம் சத்தமாகக் கேட்டால் காது களைத்துவிடும். களைத்த காது கூர்மையான ஒலிகள் போதவில்லை என்று எண்ணி அவற்றை மேலும் ஏற்றும். நள்ளிரவில் அருமையாக இருந்த கலவை காலையில் கூச்சலாகக் கேட்பது இதனால்தான்.

தக்க நேரத்தில் வந்த ஒரே கருத்து ஒரு குழுவின் தலைவிதியை மாற்றியதற்கு நன்கு பதிவான உதாரணம் பீற்றில்ஸ் குழுவினுடையது. ‘பிளீஸ் பிளீஸ் மீ’ என்ற பாட்டை ஜோன் லெனன் முதலில் மெதுவான, ஏக்கம் நிறைந்த பாட்டாகவே எழுதியிருந்தார். 1962 செப்டெம்பரில் அதைக் கேட்ட தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின், அது மந்தமாக இருக்கிறது என்று கருதினார். வேகத்தைக் கூட்டிப் பாடச் சொன்னார். நொவம்பர் 26 ஆம் திகதி புதிய வேகத்தில் பதிவான அந்தப் பாட்டுத்தான் அடுத்த ஆண்டு பிரித்தானியாவின் பெரும்பாலான விற்பனைப் பட்டியல்களில் முதலிடம் பிடித்தது. அதே பெயரில் அவர்களின் முதல் அல்பமும் வந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் முதல் அல்பத்துக்கும் இதுபோன்ற ஒரு கட்டம் உண்டு. பதிவு முடிந்த பாட்டுகளைக் கேட்ட கொலம்பியா நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸ், வானொலியில் ஒலிக்கக்கூடிய பாட்டு ஒன்றேனும் இதில் இல்லை என்றார். ஸ்பிரிங்ஸ்டீன் கோபித்துக்கொண்டு போகவில்லை; திரும்பப் போய் மேலும் இரண்டு பாட்டுகள் எழுதினார். அவற்றில் ஒன்றான ‘பிளைண்டட் பை த லைட்’, பின்னர் மன்ஃபிரட் மான் குழு பாடி 1977 இல் அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்குப் போனது. இரண்டு சம்பவங்களிலும் கருத்துச் சொன்னவர் குழுவின் நண்பரல்லர். சொன்ன கருத்துச் சுருக்கமானது, செய்யக்கூடியது. வேலை முடியுமுன்னரே வந்தது.

இலங்கையின் கிழக்கிலும் சொந்தப் பாட்டுகளைத் தாமே இசைத்தட்டாக்கும் முயற்சி புதியதன்று. திருகோணமலைச் சகோதரர்களான பரமேஷும் கோணேஷும் நடத்திய இசைக்குழு ஈழத்துத் தமிழ் மெல்லிசை இசைத்தட்டின் முன்னோடிகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. தமிழ்ப் பொப் இசையின் முன்னோடி நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்தவர். அந்தத் தலைமுறையின் பாட்டுகள் பெரும்பாலும் மேடைகளிலும் மாணவர் கூட்டங்களிலும் பாடிப் பழகிய பின்பே தட்டுக்கு வந்தன. கூட்டம் எந்த இடத்தில் கைதட்டுகிறது, எந்த இடத்தில் தமக்குள் பேசத் தொடங்குகிறது என்பது பாடியவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டு அறையில் பிறக்கும் இன்றைய அல்பத்துக்கு அந்தச் சோதனை தானாகக் கிடைப்பதில்லை. மேடையேறாமலே அது நேராக யூடியூப்புக்குப் போகிறது.

வானொலியில் சோதனை வேறு விதமாக நடந்தது. பாட விரும்பியவர்கள் குரல்தேர்வில் தேறவேண்டும். இலங்கை இசை வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட குரல்தேர்வு 1952 இல் நிகழ்ந்தது. லக்னோவிலிருந்து வரவழைக்கப்பட்ட இந்துஸ்தானி இசை அறிஞர் எஸ். என். ரத்தன்ஜங்கர், இலங்கை வானொலியின் சிங்களப் பாடகர்களைக் கேட்டுத் தரம்பிரித்தார். அப்போதே பெரும்புகழ் பெற்றிருந்த சுனில் சாந்த அந்தத் தேர்வுக்குப் போக மறுத்தார். அதனால் வானொலியில் இருந்த இடத்தை இழந்தார். வட இந்திய அளவுகோலைக் கொண்டு இலங்கைப் பாட்டை அளக்கக்கூடாது என்பது அவர் தரப்பின் நியாயம். அவருடைய பாட்டுகள் இன்றும் பாடப்படுகின்றன. கருத்துக் கேட்கும் எவரும் முதலில் தீர்மானிக்கவேண்டியது இதுதான்: கேட்கப்படுபவரின் கையில் இருக்கும் அளவுகோல் எது? றபான் தாளத்தில் கிற்றாரைச் சேர்த்துப் பாடும் ஒரு குழு, கர்நாடக இசை ஆசிரியரிடம் மட்டும் கேட்டால் சுருதிபற்றிய நல்ல திருத்தங்கள் கிடைக்கும். அந்தச் சேர்க்கை வேலைசெய்கிறதா என்பதற்கு விடை கிடைக்காது.

கருத்துக் கேட்கவேண்டிய கட்டங்கள் ஒன்றல்ல. பாட்டு வெறும் குரலும் ஒரு கிற்றாருமாக இருக்கும்போது கேட்பது முதற்கட்டம். அப்போது சொல்லப்படும் குறைக்குச் செலவே இல்லை. ஒரு சரணத்தை வெட்டலாம், சுருதியை ஒரு படி இறக்கலாம், வேகத்தை மாற்றலாம். கருவிகள் எல்லாம் பதிவானபின் அதே திருத்தத்துக்கு வாரங்கள் ஆகும். ஆனாலும் பெரும்பாலான குழுக்கள் முதற்கட்டத்தில் யாரிடமும் காட்டுவதில்லை. அரைகுறையாகக் காட்ட வெட்கம். முழுமையாக மெருகேற்றி, அட்டைப்படமும் வரைந்து, வெளியீட்டுத் திகதியும் குறித்தபின் நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். அந்நேரம் உண்மையைச் சொல்ல எவருக்கும் மனம் வராது. சொன்னாலும் திருத்த நேரமிருக்காது. பிங்க் ஃபிளொயிட் குழு இதற்கு நேர்மாறாக நடந்தது. ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ 1973 மார்ச்சில்தான் அல்பமாக வந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1972 ஜனவரியிலிருந்து, அந்தப் பாட்டுகளை மேடைகளில் முழுமையாக வாசித்துவந்தார்கள். மேடையில் நின்று பிடிக்காத பகுதிகள் அல்பத்தில் வேறு வடிவம் பெற்றன. பெங்களூரின் அகம் குழு 2007 இல் சன் தொலைக்காட்சியின் ‘ஊ லலலா’ போட்டியில் கவனம்பெற்றது. அதன் முதல் அல்பம் 2012 இல்தான் வந்தது.

வீட்டில் பதிவான அல்பங்களுக்கு வரும் குறைகள் பெரும்பாலும் கலவை பற்றியவை. இந்தக் கரையோரத்து வீடுகளுக்கென்றே சில சிக்கல்களும் உண்டு. சீமெந்துச் சுவரும் ‘டைல்ஸ்’ பதித்த தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். அறைக்குள் நின்று ஒரு தரம் கைதட்டினால் அந்த எதிரொலி கேட்கும். அதே எதிரொலி குரலோடு சேர்ந்து மைக்கிலும் பதியும். பதிந்தபின் அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். மைக்குக்குப் பின்னாலும் பாடுபவருக்குப் பின்னாலும் தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டால், அல்லது உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதன்முன் பாடினால் பாதிச் சிக்கல் தீரும். வெக்கைக்குச் சுழலும் மின்விசிறி, அயல்வீட்டுத் தறிச் சத்தம், ஐந்து வேளையும் ஒலிக்கும் பாங்கு, இரவில் கடல் இரைச்சல் எல்லாம் மைக்குக்குக் கேட்கும். மண் இணைப்புச் சரியில்லாத மின்சுற்று 50 ஹேர்ட்ஸில் ஒரு முனகலைச் சேர்க்கும். அந்த அறையிலேயே வாழும் குழுவினருக்கு இவை பழகிப்போய்க் கேட்பதில்லை. வெளியார் முதல் நிமிடத்திலேயே கேட்டுவிடுவார்.

அடுத்தது குரலின் இடம். தமிழில் ஒரு சொல்லைத் தெளிவாகப் பிடிக்க உதவும் மெய்யொலிகளின் கூர்மை ஏறத்தாழ 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது. கிற்றாரும் கீபோட்டும் அதே பகுதியில் நெருக்கினால் குரல் கேட்கும், சொல் விளங்காது. இதைக் கண்டுபிடிக்க இசை ஞானம் வேண்டியதில்லை. பாட்டை ஒரே தடவை போட்டுக்காட்டி, கேட்ட வரிகளை எழுதித் தரும்படி ஒரு பாடசாலைப் பிள்ளையிடம் சொன்னால் போதும். எழுதாமல் விட்ட இடங்கள், தப்பாக எழுதிய இடங்கள் எல்லாம் கலவையில் கைவைக்கவேண்டிய இடங்கள். “குரல் தெளிவாக இருக்கிறதா?” என்று நேராகக் கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். எழுதச் சொன்னால் தாள் உண்மையைச் சொல்லும்.

எந்தக் கருவியில் கேட்கிறார்கள் என்பதும் கருத்தை மாற்றிவிடும். கைபேசியின் சிறிய ஸ்பீக்கர் ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே மிகக் கொஞ்சமே ஒலிக்கும். பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹேர்ட்ஸ். றபானின் அடிநாதமும் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே நல்ல ஹெட்போனில் நெஞ்சை அதிரவைக்கும் பாட்டு, கைபேசியில் அடித்தளமே இல்லாத பாட்டாக வரும். பேஸ் ஒலியில் சற்றுக் கரகரப்பைச் சேர்த்தால் அதன் மேற்சுரங்கள் கைபேசியிலும் கேட்கும். கேட்பவர் மனம் கீழ்ச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஓட்டோவிலும் கல்முனை–கொழும்பு இரவு பஸ்ஸிலும் நிலைமை எதிர்மாறு. அங்கே தாழ்ந்த ஒலி அளவுக்கு மிஞ்சி எழுந்து குரலை விழுங்கும். பெரிய கலையகங்களும் இதே காரணத்துக்காகச் சாதாரண ஸ்பீக்கரை நாடின. 1978 இல் வீட்டுப் பாவனைக்கென வந்த யமஹாவின் என்.எஸ்-10 ஸ்பீக்கர் உலகக் கலையகங்களின் மேசைகளில் ஏறியது, அதில் நன்றாகக் கேட்டால் எங்கும் நன்றாகக் கேட்கும் என்ற நம்பிக்கையால். மருதமுனைக் குழுவொன்றுக்கு அந்த யமஹா தேவையில்லை. ஒரு கைபேசி, ஓர் ஓட்டோ, கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவரின் பெட்டி ஆகிய மூன்றிலும் போட்டுக் கேட்டால் ஏறக்குறைய எல்லாக் குறையும் வெளிப்படும். அந்த ஒலிபெருக்கிக்காரரையே கருத்துச் சொல்பவர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஊரில் அதிகம் பாட்டுக் கேட்டவர் அவராக இருப்பார்.

ஒலியளவு பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். பெல் ஆய்வுகூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933 இல் காட்டியபடி, சத்தம் குறைந்தால் தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் மனிதக் காது அதிகமாக இழக்கிறது. சத்தம் கூடினால் அதே பாட்டு நிறைவாகத் தோன்றும். இரண்டு கலவைகளை ஒப்பிடச் சொல்லும்போது ஒன்று சற்றுச் சத்தமாக இருந்தால் கேட்பவர் அதையே சிறந்தது என்பார். காரணமும் வேறு ஏதாவது சொல்வார். ஆகவே ஒப்பிடுமுன் ஒலியளவைச் சமப்படுத்தவேண்டும். எது பழையது, எது புதியது என்று சொல்லவும் கூடாது. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது காணொளியாக அனுப்பினால் கோப்புச் சுருங்கி ஒலி கெடும், ஆவணமாக அனுப்பவேண்டும். கட்டாரிலும் சவூதியிலும் வேலைசெய்யும் ஊர்க்காரர்களின் கருத்து இந்த வழியில்தான் வருகிறது. ஊரைவிட்டுத் தள்ளியிருப்பதால் அவர்களுடைய கருத்தில் தாட்சண்யம் சற்றுக் குறைவு.

யாரிடம் கேட்பது என்பதைவிட, கேட்கப்படுபவர் உண்மையைச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்பதே இந்த ஊர்களில் பெரிய கேள்வி. மருதமுனை, பாண்டிருப்பு, பெரியநீலாவணை, கல்முனை என்று அடுத்தடுத்து ஒட்டிக்கிடக்கும் ஊர்களில் கேட்பவரும் பாடுபவரும் சொந்தக்காரராகவோ, ஒரே பாடசாலையில் படித்தவராகவோ இருப்பார்கள். “மாஷா அல்லாஹ், நல்லா வந்திருக்கு மச்சான்” என்ற சொல் அன்பினால் வருவது. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதைக்கொண்டு ஒரு குரலைத் திருத்த முடியாது. வெளியீட்டு விழாவிலும் இதுவே நடக்கிறது. தலைமையுரை, நயவுரை, முதற்பிரதி பெறுதல், பொன்னாடை, ஏற்புரை என்று ஒழுங்கு அழகாக வகுக்கப்பட்டிருக்கிறது. அங்கே எழுந்து, மூன்றாவது பாட்டின் இடையிசை நீளம் என்று ஒருவர் சொன்னால் அது மரியாதைக் குறைவு. விழா பாராட்டுக்கான இடம். குறை கேட்க வேறொரு நாளும் வேறொரு இடமும் தேவை.

தமிழ் மரபில் அதற்கு இடம் இருந்தது. ஒரு நூல் அரங்கேறும்போது அவையிலிருந்து தடை எழும். ஆக்கியோன் விடை சொல்லவேண்டும். உமறுப் புலவரின் சீறாப்புராணம் வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கி, அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியது என்பது வழிவழியாக வரும் செய்தி. கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பல்லாண்டு ஆய்வில் எழுதிய யாழ் நூலை 1947 இல் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் அறிஞர் அவையில் அரங்கேற்றினார். இசையைப் பற்றிய ஒரு நூல், இசை தெரிந்தவர்களின் முன்னிலையில் வைக்கப்பட்டது. ஒரு பாட்டுக்குழு இதைச் சிறிய அளவில் செய்யலாம். பத்துப் பேரை ஒரு வீட்டுக்கு அழைத்து, தேத்தண்ணி கொடுத்து, அல்பத்தை முழுதாக ஒரு தடவை நிறுத்தாமல் ஒலிக்கவிட்டு, பேச்சில்லாமல் தாளில் எழுதிவாங்கலாம். பெயர் எழுதத் தேவையில்லை. கையெழுத்தும் தெரிந்துவிடும் என்று தயங்குபவர்கள் இருந்தால், கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கும் மாணவர்களிடமோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களிடமோ, பாடியவர் யாரென்று சொல்லாமல் கேட்கலாம்.

கேள்வி சரியாக இல்லாவிட்டால் விடையும் சரியாக வராது. “எப்படி இருக்கிறது?” என்பது பாராட்டைக் கேட்கும் கேள்வி. எந்த இடத்தில் கவனம் சிதறியது, எந்தப் பாட்டைத் தாண்டிப்போக மனம் வந்தது, மறுநாள் காலையில் எந்த மெட்டு நினைவில் இருந்தது, ஒரு பாட்டை நீக்கத்தான் வேண்டுமென்றால் எது என்பன விடையை வரவழைக்கும் கேள்விகள். கடைசிக் கேள்வி மிகவும் பயனுள்ளது. எவரையும் புண்படுத்தாமல் பலவீனமான பாட்டைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் டிட்ரோயிட் நகரில் 1959 இல் தொடங்கிய மோட்டவுன் நிறுவனம் இதை ஒரு நிலையான வழக்கமாகவே வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக் காலைதோறும் கூடும் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டத்தில் அவ்வாரப் பாட்டுகள் ஒலிக்கும். நிறுவனர் பெரி கோர்டி கேட்ட கேள்வி: கையில் கடைசியாக ஒரு டொலர் இருக்கிறது, பசியும் இருக்கிறது, இந்தத் தட்டை வாங்குவீர்களா, ஒரு சான்ட்விச்சா? காரில் கேட்பவர்களை மனதிற்கொண்டு சிறிய ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்கும் வழக்கமும் அங்கே இருந்தது.

அந்தக் கூட்டமும் தவறியதுண்டு. மார்வின் கே பாடிய ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’ அங்கே தேறவில்லை. 1968 இல் ஓர் அல்பத்தின் நடுவில் ஒரு பாட்டாக மட்டும் வெளிவந்தது. வானொலிக்காரர்கள் அதைத் தாமே தேர்ந்து ஒலிபரப்பத் தொடங்க, தனித்தட்டாக வெளியிடவேண்டியதாயிற்று. ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. ஆகவே வந்த கருத்துகளை எடைபோடவேண்டியது குழுவின் பொறுப்பு. ஒரே இடத்தை நாலைந்து பேர் தனித்தனியே சுட்டினால் அங்கே கோளாறு உண்டு. அதற்கு அவர்கள் சொல்லும் பரிகாரம் சரியாக இருக்கவேண்டியதில்லை. “ட்ரம்ஸ் சத்தம் கூட” என்று பலர் சொன்னால், உண்மையில் குரல் தாழ்ந்திருக்கலாம். ஒருவர் மட்டும் சொன்னது அவருடைய சுவையாக இருக்கக்கூடும். ஆனால் அந்த ஒருவர் ஒலிப்பதிவு தெரிந்தவராக இருந்து, சொன்னது 50 ஹேர்ட்ஸ் முனகலைப் பற்றியதாக இருந்தால் வாக்கெடுப்புத் தேவையில்லை.

சுவை வேறுபாட்டைக் காட்டிலும் ஆழமான வேறுபாடு ஒன்றும் இங்கே உண்டு. இசைக்கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி இஸ்லாமிய மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தஃப், றபான் தவிர வேறு கருவி வேண்டாம் என்று கருதும் வீடுகளும், நாகூர் ஹனிபாவின் பாட்டுகளைத் தலைமுறையாகக் கேட்டுவரும் வீடுகளும் ஒரே தெருவில் இருக்கின்றன. இந்த ஆட்சேபத்தைக் கலவை பற்றிய குறைபோல நினைத்துத் திருத்த முனைவதும் தவறு, கேலியாக ஒதுக்குவதும் தவறு. அது ஒரு நம்பிக்கையின் குரல், மரியாதையோடு கேட்டுக்கொள்ளவேண்டியது. சில பாட்டுகளைக் குரலும் றபானும் மட்டுமாக மறுபதிவு செய்து வைப்பது நடைமுறையில் நல்ல வழி. அப்படிச் செய்யும்போது பாட்டின் எலும்பு எவ்வளவு வலுவானது என்பதும் தெரியவரும்.

பேச்சுவழக்கு பற்றியும் எதிரெதிரான கருத்துகள் வரும். இந்தக் கரையின் முஸ்லிம் மக்களுக்கு வளமான நாட்டார் கவி மரபு இருக்கிறது, நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் அதைத் தேடித் தொகுத்தார்கள். அந்த மொழியில் எழுதிய பாட்டைச் சென்னையிலோ ரொறன்ரோவிலோ கேட்பவர், சில சொற்கள் விளங்கவில்லை என்பார். ஊர்க்காரர் அந்தச் சொற்களுக்காகவே பாட்டை மறுபடி கேட்பார். இந்த இடத்தில் பெரும்பான்மைக்கு விட்டுக்கொடுக்கக்கூடாது. சொந்த ஊரின் பேச்சு இல்லாத அல்பம் சென்னையில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் இருக்கிறது. சென்னையில் 2018 ஜனவரி 6 ஆம் திகதி முதன்முதலாக மேடையேறிய ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, வடசென்னைக் கானாவின் பேச்சை மெருகிட்டு மறைக்காமல் அப்படியே ரொக்குக்குள்ளும் ராப்புக்குள்ளும் கொண்டுவந்தது. அந்தப் பேச்சைக் கொண்டே உலகம் அதை அடையாளம் கண்டது.

கருத்துகளை வாங்கித் திருத்தியபின் குறைந்தது இரண்டு வாரம் அல்பத்தைக் கேட்காமல் வைத்திருப்பது நல்லது. பின்பு ஒருநாள் கணினித் திரையைப் பாராமல், வேறெந்த வேலையும் செய்யாமல், முழு அல்பத்தையும் வரிசையாகக் கேட்கவேண்டும். பெரியவர்களும் இந்தக் கட்டத்தில்தான் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். 1982 இல் மைக்கல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ முடிந்துவிட்டதென்று எண்ணித் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸும் மற்றவர்களும் இறுதி வடிவத்தைப் போட்டுக் கேட்டார்கள். கேட்ட அனைவரும் சோர்ந்துபோனார்கள். தட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தாங்கக்கூடியதைவிட அதிக நேரம் ஏற்றப்பட்டிருந்ததால் ஒலி மெலிந்திருந்தது. வெளியீட்டு நெருக்கடிக்கிடையிலும் பாட்டுகளைக் குறுக்கி, ஒவ்வொன்றாக மறுபடி கலந்தார்கள். உலகில் மிக அதிகம் விற்ற அல்பம் அந்த இரண்டாவது கலவையே.

மாஸ்டரிங் என்ற கடைசி வேலையில் முதல் அல்பக்காரர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: பாட்டைக் கூடியவரை சத்தமாக்குகிறார்கள். ஸ்பொட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டுகளையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற சம அளவுக்குக் கொண்டுவந்தே ஒலிக்கவிடுகின்றன. அளவுக்கு மீறி நசுக்கிச் சத்தமாக்கிய பாட்டு அங்கே சத்தமும் இழந்து, உயிரும் இழந்து நிற்கும். 2008 இல் மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மக்னெடிக்’ இப்படி நசுக்கப்பட்டபோது இரசிகர்களே திரண்டு முறையிட்டார்கள். அதே பாட்டுகள் ஒரு கணினி விளையாட்டில் நசுக்கப்படாமல் வந்திருந்ததால், அவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். வெளியான பின் வந்த அந்தக் கருத்து நியாயமானதுதான். விற்றுப்போன தட்டுகளைத் திரும்ப அழைக்க வழியில்லை.

வெளியாகாத பாட்டைப் பலருக்கும் அனுப்புவதால் திருட்டுப் போகுமோ என்று குழுக்கள் பயப்படுவதுண்டு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை, படைப்பு உருவான கணத்திலேயே பிறக்கிறது; பதிவுசெய்யவேண்டிய கட்டாயமில்லை. யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று குழுவினர் ஒரு தாளில் எழுதித் திகதியிட்டுக் கையெழுத்து வைத்துக்கொண்டால், வெளியாரோடு மட்டுமல்ல, தமக்குள்ளும் பின்னர் வழக்கு வராது.

வெளியான பின் வரும் கருத்து எண்களாக வரும். யூடியூப்பின் படைப்பாளர் பக்கம் எந்த விநாடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்று வரைபடமாகக் காட்டுகிறது. 2021 பெப்ரவரி முதல் இலங்கையிலும் கிடைக்கும் ஸ்பொட்டிஃபை, 30 விநாடி தாண்டினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கெடுக்கிறது. ஒரு நிமிட முன்னிசை வைத்த பாட்டுக்கு அந்த வரைபடம் கடுமையான விமர்சகர். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிறை எஃப்.எம். போன்ற பிராந்திய வானொலியில் ஒலித்தால், எண்களுக்கு அப்பாற்பட்ட கேட்பவர்களும் கிடைப்பார்கள். கைபேசியில் பாட்டுத் தேடாத உம்மாமாரும், கடையில் வானொலியை நிறுத்தாமல் ஓடவிடும் வியாபாரிகளும் அவர்கள்.

எதுவுமே வராமல் போவதும் நடக்கும். 1989 இல் தமிழில் ‘தீன் இசை மாலை’ என்ற இஸ்லாமியப் பாடல் தொகுப்பு வந்தது. அதன் இசையமைப்பாளருக்கு அப்போது திரைப்படம் எதுவும் அமைந்திருக்கவில்லை. 1991 இல் அவர் மால்குடி சுபாவோடு செய்த ‘செட் மீ ஃப்ரீ’ என்ற ஆங்கில அல்பமும் வெளியான நேரத்தில் கவனம் பெறவில்லை. அடுத்த ஆண்டு ‘ரோஜா’ வந்தது, ஏ. ஆர். ரஹ்மான் என்ற பெயரை எல்லாரும் அறிந்தார்கள். முதல் அல்பத்தைச் சூழும் மௌனத்துக்குத் தரம் காரணமாக இருக்கலாம், கேட்பவர் கையில் அது போய்ச் சேராததும் காரணமாக இருக்கலாம். எது காரணம் என்று அறிய வெளியீட்டுக்கு முன்னர் எழுதிவாங்கிய அந்தப் பத்துத் தாள்களும் மறுநாள் கேட்டறிந்த விடைகளுமே உதவும். பத்துப் பேரில் ஏழு பேருக்கு மறுநாளும் மெட்டு நினைவில் இருந்திருந்தால், குழு இரண்டாவது அல்பத்தைத் தயங்காமல் தொடங்கலாம்.

இந்தக் கரையோரத்தில் தெரிந்த பிள்ளைகள் யாராவது கைபேசியை நீட்டி, “இதைக் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்க காக்கா” என்று கேட்டால், முழுப் பாட்டையும் கேளுங்கள். கேட்டபின், எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் மனம் விலகியது, எந்த வரி விளங்கவில்லை என்று மூன்றையும் அவர்களிடம் சொல்லுங்கள். வெளியீட்டு விழாவுக்குப் போய்ப் பொன்னாடை போர்த்துவதை அதற்குப் பிறகு செய்யுங்கள்.